காப்பை விற்று வீடு வாங்குமுன்

அட்டனிலோ தலவாக்கலையிலோ நுவரெலியாவிலோ ஒரு வீடு விலைக்கு இருக்கிறது என்று செய்தி வந்தால் உங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தரகர் வருவார். ஆண்கள் இரண்டு பேர் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். "நல்ல வீடு. மூன்று அறை, தரையெல்லாம் டைல்ஸ், பள்ளிவாசலுக்கு நடந்து போகும் தூரம்" என்பார்கள். விலை பேசி முடிந்துவிடும். கடைசியாகத்தான் உங்களிடம் வருவார்கள், அலுமாரித் திறப்பு எங்கே என்று கேட்க.

உங்கள் காப்பும் மாலையும் உங்கள் சொத்து. மார்க்கம் அப்படித்தான் வைத்திருக்கிறது. கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம். குடும்பத்துக்காகக் கொடுக்கிறீர்கள் என்றால், அது எந்தச் சுவருக்குள் போய் அடைகிறது என்று பார்க்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. அந்த வீட்டில் இரவும் பகலும் இருக்கப் போகிறவர் நீங்கள். ஈரச் சுவருக்குப் பக்கத்தில் படுத்து இளைப்பு வரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவரும் நீங்கள்தான்.

உங்கள் சொந்தக்காரர் யாராவது மெல்பனிலோ சிட்னியிலோ இருந்தால் விசாரித்துப் பாருங்கள். அங்கே வீடு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கையெழுத்து வைக்குமுன் ஒரு பரிசோதகரைக் கூலிக்கு அமர்த்தி, கட்டிடத்தில் என்ன குறை, மரத்தில் கறையான் இருக்கிறதா என்று எழுத்தில் அறிக்கை வாங்கிக்கொள்வார்கள். அறிக்கை மோசமாக வந்தால் பின்வாங்கலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்கிறவர்களும் உண்டு. நம் நாட்டில் அந்த வழக்கம் வேர்விடவில்லை. வங்கியில் கடன் எடுத்தால் மதிப்பீட்டாளர் ஒருவர் வருவார். ஆனால் அவர் பார்ப்பது கடனுக்கு இந்த வீடு ஈடாகுமா என்பதை. கூரை மரம் உளுத்திருக்கிறதா என்று ஏணி வைத்து ஏறிப் பார்ப்பது அவர் வேலையல்ல. "பேங்க் ஆளே பார்த்துவிட்டுப் போனார்" என்று யாராவது சொன்னால் அதில் மயங்கிவிட வேண்டாம்.

விற்கிறவர் குறையைச் சொல்லத்தானே வேண்டும் என்று கேட்பீர்கள். சொல்லத்தான் வேண்டும். நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தார்கள். மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்தது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அவரைக் கண்டித்தார்கள். மறைந்திருந்த குறை பின்னால் தெரிந்தால் வாங்கியவர் திருப்பிக் கொடுக்கலாம் என்று ஃபிக்ஹு நூல்களும் கூறுகின்றன. நம் நாட்டில் காணி விற்பனைக்குப் பொருந்தும் ரோமன்-டச்சுச் சட்டத்திலும் மறைந்த குறைகளுக்குப் பரிகாரம் இருக்கிறது. ஆனால் வழக்காடி நிரூபிக்க எத்தனை வருடம், எவ்வளவு செலவு? குவியலுக்குள் நாமே கையை விட்டுப் பார்த்துவிடுவது மேல்.

மலைநாட்டில் வீட்டுக்கு முன் நிலத்தைப் பாருங்கள்

கொழும்பில் வீடு பார்ப்பது போல மலைநாட்டில் பார்க்க முடியாது. இங்கே வீடு நிற்பது சரிவில். வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டுகிறது. அத்தனை தண்ணீரும் மேலிருந்து கீழே போயாக வேண்டும். போகிற வழியில் உங்கள் வீடு இருக்கிறது. வழியைச் சரியாகக் காட்டாத வீட்டுக்கு அத்தண்ணீர் தானே வழி செய்துகொள்ளும்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை அப்படியே மூடியதை யாரும் மறக்கவில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை மாவட்டங்களில் மலைகள் வரிசையாகச் சரிந்தன. நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகு மலைநாட்டில் விலைக்கு வரும் எந்த வீட்டையும் இரண்டு மடங்கு கவனத்தோடு பார்க்கத்தான் வேண்டும். புதிதாகப் பூசப்பட்ட சுவரைக் கண்டால், எதற்காக இப்போது பூசினார்கள் என்ற கேள்வி முதலில் வரவேண்டும்.

இதற்கென்றே ஓர் அரசு நிறுவனம் இருக்கிறது. 1984இல் தொடங்கப்பட்ட தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம்தான் அது. மண்சரிவு அபாய வரைபடம் தயாரிக்கும் வேலையை 1990களின் தொடக்கத்தில் பதுளை, நுவரெலியா மாவட்டங்களில்தான் முதலில் தொடங்கினார்கள். 2011 முதல், மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் புதிதாகக் கட்டுவதென்றால் அந்த நிறுவனத்தின் அறிக்கை வேண்டும் என்ற விதியும் வந்தது. எனவே நீங்கள் பார்க்கும் வீடு அதற்குப் பிறகு கட்டியதாக இருந்தால் அந்த அறிக்கை எங்கே என்று கேளுங்கள். "அதெல்லாம் யாரும் எடுப்பதில்லை" என்ற பதில் வந்தால், அதையே ஓர் அறிக்கையாக வைத்துக்கொள்ளலாம்! பழைய வீடாக இருந்தால், அந்தக் காணி வரைபடத்தில் எந்த வலயத்தில் வருகிறது என்று நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தில் விசாரிக்கலாம். அதிகாரி வந்து பார்த்துத் தரும் அறிக்கைக்குக் கட்டணமும் காலமும் எடுக்கும். ஒரு சோடிக் காப்பின் விலையோடு ஒப்பிட்டால் அந்தக் கட்டணம் பெரிதல்ல.

ஆனால் அதிகாரி வருவதற்கு முன் உங்கள் கண்ணே நிறையக் கண்டுபிடித்துவிடும். வீட்டுக்குப் பின்னால் போய் மேட்டைப் பாருங்கள். வீடு கட்டுவதற்காக மலையைச் செங்குத்தாக வெட்டி, வெட்டிய மண்ணை முன்பக்கம் கொட்டிச் சமப்படுத்தியிருப்பார்கள். பின்பாதி வீடு இறுகிய மண்ணிலும் முன்பாதி கொட்டிய மண்ணிலும் நிற்கும். கொட்டிய மண் வருடக்கணக்கில் அமிழும். வீடு நடுவால் பிளக்கும். மண்டபத்துக்கும் விறாந்தைக்கும் இடையே மேலிருந்து கீழே ஒரு வெடிப்பு ஓடினால் காரணம் அநேகமாக இதுதான். பிள்ளைகளின் போளை ஒன்றைக் கொண்டுபோய்த் தரையில் வையுங்கள். தானாக உருண்டு முன்வாசல் பக்கம் ஓடினால், மேசன் பாஸ் மட்டம் பிடிக்கத் தெரியாதவரா, அல்லது வீடு இறங்கிக்கொண்டிருக்கிறதா என்று விசாரிக்க வேண்டியதுதான்.

மேட்டில் புற்களுக்கிடையே பிறை வடிவில் நிலம் வெடித்திருக்கிறதா? மரங்களும் மின்கம்பங்களும் ஒரே பக்கமாகச் சாய்கின்றனவா? முன்பில்லாத இடத்தில் ஊற்று கிளம்பியிருக்கிறதா? வழக்கமான ஊற்றில் திடீரென்று சேற்றுத் தண்ணீர் வருகிறதா? நேற்றுவரை மூடிய கதவு இன்று மூட மறுக்கிறதா? மலை நகரத் தொடங்கியதற்கு நிபுணர்கள் சொல்லும் அடையாளங்கள் இவை. இதில் ஒன்று இருந்தாலும் விலையைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

தடுப்புச் சுவர் இருக்கிறது, பயமில்லை என்பார்கள். சுவரில் தண்ணீர் வடிய ஓட்டைகள் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டை இல்லாத சுவர் பின்னால் தண்ணீரைத் தேக்கி, ஒருநாள் வயிறு முன்னால் தள்ளி நிற்கும். மேட்டு வீட்டுக்காரரின் மலக்குழியும் குளியலறைத் தண்ணீரும் எங்கே போகின்றன என்பதையும் கவனியுங்கள். மழை இல்லாத மாதத்திலும் உங்கள் பின்சுவர் ஈரமாக இருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். சரிவில் தண்ணீர்தான் எல்லாவற்றுக்கும் மூலம். வட்டவளையில் ரயில்பாதை ஓடும் சரிவு 1990களின் தொடக்கத்தில் நகர்ந்து பெரும் தொல்லை கொடுத்தது. கடைசியில் நிலத்துக்கு அடியில் தேங்கிய நீரைக் குழாய் துளைத்து வடியவிட்டுத்தான் அதை அடக்கினார்கள். பெரிய மலைக்கே அப்படியென்றால், வீட்டைச் சுற்றி ஓடும் கான் உடைந்து கிடப்பதைச் சின்ன விஷயம் என்று விட முடியுமா?

மழையில் ஒருதரம் போங்கள்

விற்கிறவர்கள் வீடு காட்டப் பிரியப்படும் காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. அட்டன், கினிகத்தேனைப் பக்கம் அப்போது நல்ல வெயில். பூசிய வர்ணம் பளிச்சென்று இருக்கும். மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கியபின் அதே வீட்டைப் பாருங்கள். ராகலை, வலப்பனைப் பக்கமென்றால் வருடக் கடைசியில் வரும் வடகீழ் மழையில் பார்க்க வேண்டும். அவ்வளவு நாள் காத்திருக்க முடியாதென்றால், ஒரு நல்ல மழை பெய்த மறுநாள் காலையிலாவது சொல்லாமல் போய் நில்லுங்கள்.

உள்ளே போனதும் மூக்கை நம்புங்கள். பூசணமணம் வர்ணத்தால் மறையாது. அலுமாரியைச் சுவரிலிருந்து கொஞ்சம் நகர்த்திப் பார்க்க அனுமதி கேளுங்கள். ஈரம் தரையிலிருந்து ஏறுகிறதா, கூரையிலிருந்து இறங்குகிறதா என்பதைக் கறையின் உயரமே சொல்லிவிடும். முழங்கால் உயரத்தில் உப்புப் பூத்து வர்ணம் உரிந்தால் அது நிலத்திலிருந்து ஏறும் ஈரம். அதை நிறுத்துவது செலவான வேலை. மேல் மூலையில் தேநீர்க் கறைபோல் வளையம் இருந்தால் கூரை ஒழுகுகிறது. நுவரெலியாவில் குளிர்காயும் அடுப்புள்ள பழைய பங்களாக்களில் புகைபோக்கி கூரையைத் துளைத்துப் போகும் இடம்தான் முதலில் ஒழுகும். அந்தக் காலக் கருங்கல், சுண்ணாம்புச் சுவர்களுக்கு மேல் சீமெந்து பூசிப் பிளாஸ்டிக் வர்ணமும் அடித்திருந்தால் சுவர் மூச்சுவிட முடியாமல் ஈரத்தை உள்ளேயே அடக்கி வைத்திருக்கும். வெளியே பார்க்க அழகுதான்.

சுவர் வெடிப்பெல்லாம் ஒன்றல்ல. பூச்சில் தலைமுடிபோல் ஓடும் கீறல்களுக்குப் பயப்படத் தேவையில்லை. யன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் போவதும், செங்கல் இடைவெளிகளில் படிப்படியாக ஏறுவதும், சுண்டுவிரல் நகம் உள்ளே போகும் அளவு அகன்றதும் வேறு சாதி. பூசி மறைத்த வெடிப்பை, பக்கவாட்டில் டோர்ச் வெளிச்சம் பிடித்தால் கண்டுகொள்ளலாம்.

ஆண்களால் செய்ய முடியாத ஒரு வேலை உங்களால் முடியும். அவர்கள் முன்வாசலில் விலை பேசிக்கொண்டிருக்கட்டும்; நீங்கள் பக்கத்து வீட்டு அடுப்படிப் பக்கம் போய் சலாம் சொல்லுங்கள். "ராத்தா, மழைக்கு இந்தப் பக்கம் தண்ணீர் எப்படி வரும்?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். டித்வா நேரம் இந்த வீட்டுக்காரர் எங்கே போய்ப் படுத்தார், ஐந்து வருடத்தில் எத்தனை பேர் கைமாறியது, பீலித் தண்ணீர் எத்தனை மணிக்கு நிற்கும், எல்லாம் ஒரு கோப்பைத் தேத்தண்ணீருக்குள் வந்துவிடும். பீலியைப் பற்றி இன்னொன்று: ஊற்று தோட்டக் காணியிலோ அடுத்தவர் காணியிலோ இருந்தால், அந்தத் தண்ணீருக்கு எழுத்தில் உரிமை இருக்கிறதா என்று பாருங்கள். வாய்ச்சொல்லில் வந்த தண்ணீர் வாய்ச்சண்டையில் நின்றுபோகும்.

கறையானும் உளுவும்

குளிர் நாட்டில் கறையான் இல்லை என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தேயிலைச் செடியின் உயிருள்ள மரத்தையே குடைந்து வாழும் ஒருவகைக் கறையான் மலைநாட்டுத் தோட்டங்களின் பழைய எதிரி. வீட்டு மரத்தைத் தின்பவை வேறு இனங்கள். அவை நிலத்திலிருந்து மண்குழாய் கட்டிக்கொண்டு சுவரேறும். அத்திவாரத்தைச் சுற்றியும், படிக்கட்டுக்கு அடியிலும், கக்கூசுக் குழாய் சுவருக்குள் நுழையும் இடத்திலும் பென்சில் தடிப்பில் மண்கோடு தெரிகிறதா என்று பாருங்கள். ஒரு கோட்டை உடைத்துவிட்டு அடுத்த முறை வரும்போது பாருங்கள். திரும்பக் கட்டியிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது.

கதவு நிலையின் அடிப்பகுதியை ஸ்குரூடிரைவரின் பிடியால் தட்டுங்கள். நல்ல மரம் இறுக்கமாக ஒலிக்கும்; வெற்றுப் பெட்டியைத் தட்டுவதுபோல் இருந்தால் மேலே வர்ணம்தான் மிச்சம். யன்னலடியில் ஈசல் இறகுகள் குவிந்து கிடக்கின்றனவா? சுவரோடு சேர்த்து விறகு அடுக்கியிருக்கிறதா? விறகு அடுக்கு கறையானுக்கு வைத்த ஏணி.

கறையானைவிட மலைநாட்டு வீடுகளில் அடிக்கடி காண்பது உளு. பழைய பங்களாக்களில் தேக்கும் பலாவும் போட்டார்கள். இப்போது மலிவுக்கு அல்பீசியாவும் மருந்தில் ஊறாத பைனஸும் கூரையேறுகின்றன. மரத்தில் குண்டூசித் தலை அளவு துளைகள், கீழே மாப்போல் தூள் என்றால் உளு வண்டு. தூளுக்குப் பதிலாகக் கசகசாபோல் சின்னச் சின்ன மணிகள் உதிர்ந்து கிடந்தால், மண்குழாய் கட்டாமல் காய்ந்த மரத்துக்குள்ளேயே குடியிருக்கும் கறையான். பழைய துளையா, இப்போதும் நடக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி: அந்த இடத்தைத் துடைத்துவிட்டு, கீழே ஒரு கறுப்புத் துணியை விரித்துவிட்டு, மூன்று நான்கு நாள் கழித்துப் பாருங்கள். புதிதாகத் தூள் விழுந்திருந்தால் வேலை நடக்கிறது. இதற்கு விற்கிறவரின் சம்மதம் வேண்டும். சம்மதிக்காதவரிடம் காரணம் கேளுங்கள்.

சீலிங் இருந்தால் ஒரு பலகையைக் கழற்றி ஆளொருவரை உள்ளே ஏற்றிப் பார்க்காமல் விடாதீர்கள். மூடிய சீலிங்குக்கு மேலேதான் எல்லா இரகசியமும் இருக்கும்: உளுத்த கூரைச் சட்டம், எலி கடித்த வயர், ஒழுகலுக்கு வைத்த பழைய டின். கூரை அஸ்பெஸ்டஸ் தகடாக இருந்தால் வெடித்ததும் பாசி பிடித்ததும் எத்தனை என்று எண்ணிக்கொள்ளுங்கள். மாற்றும்போது அதை அறுக்கவோ துளைக்கவோ கூடாது. அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு.

"போன வருடம்தான் மருந்து அடித்தோம்" என்றால், யார் அடித்தார்கள், என்ன மருந்து என்று எழுத்தில் கேளுங்கள். ஒரு காலத்தில் கறையானுக்கு அடித்த குளோர்டேன் போன்ற நஞ்சுகள் 2001ஆம் ஆண்டின் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையில் விலக்கப்பட்டவை. தவழும் பிள்ளை இருக்கும் வீட்டில் இது முக்கியமான கேள்வி.

யாரைக் கூட்டிப் போவது?

மூன்று பேர் போதும். ஒருவர் சிவில் பொறியியலாளர்; இலங்கைப் பொறியியலாளர் நிறுவனத்தில் பட்டயம் பெற்றவராக இருந்தால் நல்லது. இன்னொருவர் உங்களுக்குத் தெரிந்த, விற்கிறவருக்குத் தெரியாத ஒரு தச்சு பாஸ். மூன்றாமவர் வயரிங் பார்க்க மின்வேலை தெரிந்தவர். தரகர் கூட்டி வரும் ஆள் இந்த மூவரில் சேர மாட்டார். பொறியியலாளரிடம் வாய்வார்த்தை வாங்காமல், என்ன குறை, திருத்த எவ்வளவு பிடிக்கும், எது அவசரம் என்று இரண்டு பக்கத்திலாவது எழுதி வாங்குங்கள். அந்தக் கடிதம் விலை பேசும்போது பேசும்.

கடதாசிகளைப் பற்றி இங்கே விரிவாக எழுத இடமில்லை. ஆனால் தேயிலை நாட்டுக்கே உரிய இரண்டு சங்கதிகளைச் சொல்லியாக வேண்டும். தோட்டக் காணி பெரும்பாலும் அரசுடையது. 1992இல் கம்பனிகளின் கைக்குப் போனது நிர்வாகம்தான். பின்னால் கிடைத்ததும் குத்தகை உரிமையே. லயன் அறையையோ தோட்டத்து ஓரத்தில் கட்டிய வீட்டையோ ஒருவர் "விற்கிறேன்" என்றால், அவர் கையில் விற்பதற்கு என்ன இருக்கிறது என்று கேளுங்கள். அரச அனுமதிப் பத்திரக் காணியையும் பிரதேச செயலாளரின் சம்மதமில்லாமல் கைமாற்ற முடியாது. இரண்டாவது, தேயிலைத் தோட்டங்களைத் துண்டாடுவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1958இலிருந்தே இருக்கிறது. ஒரு தோட்டத்தை வாங்கிப் பேர்ச் கணக்கில் பிரித்து விற்கிறவரிடம் அந்தச் சட்டத்தின்கீழ் அனுமதி தேவையா, எடுத்தாரா என்று உங்கள் நொத்தாரிசு பார்த்துச் சொல்லட்டும். உங்கள் நொத்தாரிசு, விற்கிறவருடையவர் அல்ல. பிரதேச சபையோ நகர சபையோ அங்கீகரித்த வரைபடமும், கட்டி முடித்தபின் தரும் இணக்கச் சான்றிதழும் கையோடு இருக்கட்டும். பின்னால் சேர்த்துக் கட்டிய அறையும் மாடியும் அந்த வரைபடத்தில் இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். இல்லாத மாடியின் பாரத்தை அத்திவாரமும் எதிர்பார்த்திருக்காது.

1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புச் சட்டப்படி காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். வாய்ப்பேச்சில் கொடுத்த முற்பணம் எளிதில் திரும்பி வராது. எனவே முற்பணம் கொடுக்குமுன், பொறியியலாளரின் அறிக்கையோ கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையோ பாதகமாக வந்தால் பணம் முழுவதும் திருப்பித் தரப்படும் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். "வேறு ஆள் பணத்தோடு நிற்கிறார், நாளைக்குள் முடிவு சொல்லுங்கள்" என்று தரகர் அவசரப்படுத்துவார். அந்த வேறு ஆள் வாங்கிக்கொள்ளட்டும். உங்கள் காப்பு கையில்தானே இருக்கிறது.